றேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டோம்

எங்கள் வாலிபர் சங்கத்தின் பிக்கப் வாகனத்தைச் சபையில் அறியாதவர்கள் இல்லை. சாம்பல் நிறம், 2008ஆம் ஆண்டு மொடல், பின்கதவில் ஒரு நெளிவு. சபைக் குடும்பம் ஒன்று புது வாகனம் வாங்கியபோது இதை எங்களுக்குத் தந்தது. சனிக்கிழமைகளில் உணவுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவின் முதியோர் குடியிருப்புகளுக்குப் போவது இதுதான். ஒளிவிழாவுக்குக் கதிரைகளையும் ஒலிபெருக்கிகளையும் சுமப்பதும் இதுதான்.

கடந்த பெப்ரவரியில் அது சத்தம் போடத் தொடங்கியது. 'தொடங்கியது' என்று எழுதுவதுகூடச் சரியில்லை. நத்தார் காலத்திலேயே சத்தம் இருந்தது. நாங்கள்தான் றேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓடினோம்.

ஒன்ராறியோக் குளிர் காலம் வாகனத்தின் அடிப்பாகத்துக்கு என்ன செய்யும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பகலில் உருகும் தண்ணீர் வீதி வெடிப்புகளுக்குள் இறங்கும். இரவில் அது உறைந்து விரிந்து தாரைக் கிளப்பும். மார்ச் வரும்போது வீதியெல்லாம் குழி. போதாததற்கு, பனிக்குக் கொட்டும் உப்பு சக்கரத்தால் மேலே எறியப்பட்டு ஒவ்வொரு மூட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும், றப்பர் காய்ந்து வெடிக்கும். எங்கள் வாகனம் இப்படிப் பதினைந்துக்கு மேற்பட்ட குளிர் காலங்களைக் கண்டது. குழியில் விழுந்தால் 'டக்' என்றது. வேகத்தடை மேட்டில் ஏறினால் 'கிறீச்' என்றது. சும்மா ஓடினாலே பின்னால் 'கட கட' என்றது.

எங்களில் நால்வர் இந்த வாகனத்துக்குப் பொறுப்பு. நால்வருக்கும் நான்கு கருத்து. கடைசியில் "ஷொக் போயிட்டுது" என்று சொன்னவரின் குரல்தான் உரத்து இருந்தது. ஸ்பிறிங்கை அமுக்கிக் கழற்றுவது ஆபத்தான வேலை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆகவே ஸ்பிறிங்கோடு பொருத்தியே வரும் முன் ஷொக்குகள் இரண்டை 340 டொலருக்கு வாங்கினோம். றோல்ஸும் பற்றீஸும் விற்றுச் சேர்த்த காசு அது. இரண்டு சனிக்கிழமை குளிரில் விறைத்து, கையைக் கிழித்துக்கொண்டு பூட்டி முடித்தோம். வாகனத்தை வீதிக்கு இறக்கிய முதல் குழியிலேயே 'டக்'.

அதன் பிறகு ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தில் பதினொரு சாமான் மாற்றவேண்டும், 2,800 டொலர் ஆகும் என்று எழுதித் தந்தார். உண்மையான காரணமும் அந்தப் பதினொன்றுக்குள் இருந்ததென்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எது அவசரம், எது பொறுக்கும் என்று கேட்கவேண்டும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சபைக் குழுவில் விடயம் போனது. "அந்தக் காசுக்கு உந்த வாகனமே வராது. அடுத்த கூட்டத்துக்கு முதல் முடிவு சொல்லுங்கோ, இல்லாட்டி ஸ்கிறப்புக்குக் குடுப்பம்" என்றார்கள். எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் பின்வரிசை அங்கிள் எங்களிடம் வந்தார். கடைசி வாங்கில் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பவர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி. இங்கே வருவதற்கு முன் கோண்டாவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலை செய்தவர் என்று பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் காது கேட்காத ஒருவரிடம் போய்ச் சத்தத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"என்ன தம்பிமார், உது எந்தப் பக்கம் சத்தம் போடுது?"

"வலப்பக்கம் அங்கிள்."

"ஆர் சொன்னது?"

எங்களிடம் மறுமொழி இல்லை.

"ஒரு கிழமைக்கு ஒருத்தரும் ஸ்பானரிலை கை வைக்கக் கூடாது. ஒரு கொப்பி வாங்குங்கோ. றேடியோவை நிப்பாட்டிப்போட்டு ஓடுங்கோ. சத்தம் வரேக்கை எல்லாம் எழுதுங்கோ" என்றார்.

எதையெல்லாம் எழுதவேண்டும் என்பதையும் அவரே சொன்னார். காலைக் குளிரிலா, ஓடிச் சூடான பிறகா? என்ன வேகம்? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? பிறேக்கில் கால் இருந்ததா? ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்ததா, இரண்டும் ஒன்றாக ஏறியதா? பின்னால் பாரம் இருந்ததா? ஒரு தடவையா, தொடர்ந்தா?

முதலில் இது பள்ளிக்கூட வீட்டுவேலை போலத்தான் இருந்தது. ஏன் இப்படிக் கேட்கிறார் என்பதை ஒரு மாலை அவரே சொன்னார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணம். பெற்றோல் இல்லை, பழைய ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிச் சாமான் கிடைப்பது அரிது. "உதை மாத்திப் பாப்பம், சரிவராட்டி இதை மாத்திப் பாப்பம் எண்டு சொல்ல அங்கை சாமான் இல்லை. எது பழுதெண்டு தெரிஞ்ச பிறகுதான் கழட்டுவம்." எங்களுக்கோ இன்றைக்குச் சொன்னால் நாளைக்குப் பெட்டி வாசலுக்கு வருகிறது. ஊகித்துப் பார்ப்பது எங்களுக்கு அவ்வளவு சுலபமாகிவிட்டது.

ஒரு கிழமையில் கொப்பியில் 23 வரி சேர்ந்தது. வாகனத்தில் ஏறிய எல்லோரும் எழுதினோம். வாசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நாங்கள் 'அந்தச் சத்தம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சத்தமல்ல, குறைந்தது மூன்று.

எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரு வழி செய்தோம். பிக்கப் வாகனத்தின் அடியில் ஏணி போல நீளமான இரும்புச் சட்டம் இருக்கிறது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும் சத்தம் இரும்பில் 5,000 மீற்றர் அளவில் ஓடும். அதனால் இடப்பக்க மூட்டில் பிறக்கும் சத்தம் சட்டம் வழியே ஓடி வலப்பக்கக் காலடியில் கேட்கலாம். சாரதியின் காது ஏமாறுவதில் ஆச்சரியம் இல்லை. பழைய கைத்தொலைபேசிகள் இரண்டைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி, சுழலும் பாகங்களுக்கு எட்டாதபடி சட்டத்தின் இரு பக்கமும் இறுகக் கட்டிப் பதிவு செய்தோம். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டோம்.

சுலபமானதிலிருந்து தொடங்கச் சொன்னார் அங்கிள். பின்னால் வந்த 'கட கட' எங்களைச் சிரிக்க வைத்தது. பெட்டிக்கு அடியில் கம்பியில் தொங்கும் மேலதிக ரயர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பின் இருக்கைக்குப் பின்னாலிருந்த ஜக்கும் தன் இடத்தில் இல்லை. இரண்டையும் இறுக்கினோம். செலவு ஒன்றுமில்லை.

'கிறீச்' சத்தம் காலைக் குளிரில் கூடுதலாகவும் பாரம் ஏற்றினால் வேறு மாதிரியும் வந்ததாகக் கொப்பி சொன்னது. பின்பக்கத்தில் நீளமான இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிறிங் இருக்கிறது. தகடுகளின் நுனியில், இரும்பும் இரும்பும் உரசாமல் சிறு பிளாஸ்ரிக் துண்டுகள் வைத்திருப்பார்கள். அங்கிள் தண்ணீர்க் குழாயை எடுத்து அந்த நுனிகளில் மட்டும் நனைக்கச் சொன்னார். பின்பக்கத்தை அமுக்கி ஆட்டினோம், சத்தம் இல்லை. காய்ந்த பிறகு திரும்ப வந்தது. இடம் பிடிபட்டது. துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. உப்பையும் துருவையும் கழுவிவிட்டுப் புதியவை வைத்தோம். பக்கத்திலிருந்த றப்பர் புஷ்ஷுக்கும் கிறீஸ் பூசப் போன எங்களை அவர் மறித்தார். சாதாரணக் கிறீஸும் எண்ணெயும் றப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். றப்பருக்கு சிலிக்கன் வகை மட்டும்தான்.

'டக்' சத்தத்தைக் கண்டுபிடிக்க உதவியது கொப்பியில் இருந்த ஒரு கேள்வி: ஒரு சக்கரமா, இரண்டுமா? வேகத்தடை மேட்டில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது சத்தம் வரவில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது வந்தது. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது. ஸ்ரெபிலைசர் பார் என்பார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக உயர்ந்தால் அது சும்மா சுழலும். ஒன்று மட்டும் உயர்ந்தால் முறுகும். அப்போது அதன் இரு நுனியிலும் உள்ள இணைப்புக் கம்பிகளில் பாரம் விழும். வலப்பக்கக் கம்பியின் மூட்டு தேய்ந்து, கையால் ஆட்டினாலே ஆடியது. உறுதிப்படுத்த இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, சபையின் வெறும் பார்க்கிங்கில் மட்டும் நடை வேகத்தில் ஓடிப் பார்த்தோம். 'டக்' இல்லை. இரு பக்கக் கம்பிகளும் சேர்த்து 48 டொலர்.

அந்தச் சனிக்கிழமை மாலை வாகனம் அமைதியாக ஓடியது. புதுசு போல என்று சொன்னால் பொய். ஆனால் றேடியோ இல்லாமல் பேசிக்கொண்டு போக முடிந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்த சனிக்கிழமை வாலிபர் முகாம். நெடுஞ்சாலை 401இல் கிங்ஸ்ரன் பக்கம் போகவேண்டும். பொதிகளோடு ஐந்து பேர் இந்த வாகனத்தில் போவதாக முன்பே முடிவு. "சரிவந்திட்டுது" என்று குழுத் தலைவருக்குச் செய்தி அனுப்பத் தொலைபேசியை எடுத்துவிட்டோம்.

அங்கிள் கொப்பியைக் கேட்டார். பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். இது ரயர். இது ஸ்பிறிங். இது கம்பி. பதினேழாவது வரியில் பேனா நின்றது.

"ஞாயிறு காலை. சபை பார்க்கிங்குக்குள் திரும்பும்போது. மிக மெதுவாக. பிறேக் இல்லை, குழி இல்லை. 'டொக்' ஒரு தடவை. பிறகு முனகுவது போல."

எழுதியது எங்கள் குழுவில் ஆகச் சின்னவள், பதினைந்து வயது. அன்றைக்கு முன் இருக்கையில் இருந்தவள். "அதுவும் அதே சத்தம்தான், அங்கிள்" என்றோம் நாங்கள். "இல்லை. இது வேறை" என்றாள் அவள். முன்பும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அங்கிள் அவளைப் பார்த்து, "எந்தப் பக்கம் பிள்ளை?" என்றார்.

"இடப்பக்கம். காலுக்குக் கீழை."

பதிவுகளைத் திரும்பக் கேட்டோம். பெரிய 'டக்' சத்தங்களுக்கு இடையில், இடப்பக்கத் தொலைபேசியில் மட்டும், மெல்லியதாக அது இருந்தது. இவ்வளவு நாளும் பெரிய சத்தம் அதை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

முன் சக்கரத்தை ஏற்கெனவே ஆட்டிப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை என்று சொன்னோம். "ஜக்கை எங்கை வைச்சனீங்கள்?" சட்டத்தில் வைத்தோம். அவர் தலையாட்டினார். இந்த வகை வாகனத்தில் முன் ஸ்பிறிங்கின் பாரம் கீழ்க் கையில், அதாவது கீழ்க் கொன்ரோல் ஆமில் இறங்குகிறது. சட்டத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிறிங் அந்தக் கையைக் கீழே தள்ளி மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூட்டு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வெளியே தெரியாது. கீழ்க் கையின் நுனிக்கு அருகில் ஜக்கை வைத்துத் தூக்கினால்தான் மூட்டிலிருந்து பாரம் இறங்கும்.

அப்படியே தூக்கினோம். சட்டத்துக்கு அடியில் ஸ்ராண்டும் வைத்தோம். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போவது அவரிடம் நடக்காது. நிலத்தில் காட்போட் விரித்துப் படுத்தார். காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"அங்கிள், கேக்காதே?"

அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "கேக்காட்டி என்ன, கை இருக்குத்தானே" என்று இடது கையை உள்ளே நீட்டி மூட்டின்மேல் வைத்தார். ஒருவர் ரயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். இன்னொருவர் ரயருக்கு அடியில் சின்ன அலவாங்கை வைத்து மெல்ல நெம்பினோம். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"திரும்ப."

நெம்பினோம்.

"ஒவ்வொருத்தராய் வந்து கையை வையுங்கோ."

ஒவ்வொருவராகக் கீழே படுத்து விரலை வைத்தோம். நெம்பும்போது விரலுக்கடியில் 'டிக்' என்று ஓர் அசைவு, நகத்தின் தடிப்பளவு. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போல் ஜொயின்ற் என்று சொல்லும் உருண்டை மூட்டு அது. கிண்ணத்துக்குள் உருண்டை இருந்து, சக்கரம் ஏறி இறங்கவும் திரும்பவும் இடம் கொடுப்பது. அதை மூடும் றப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிறீஸ் இல்லை; உப்புத் தண்ணீரும் செந்துருவும் இருந்தன.

அந்த மூட்டு கழன்றால் என்ன நடக்கும் என்று அவர் நீட்டி முழக்கிச் சொல்லவில்லை. உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டைப் பக்கவாட்டில் மடித்துக் காட்டினார். சக்கரம் அப்படி மடியும், வாகனம் அந்த மூலையில் நிலத்தில் விழும், பிறகு ஸ்ரியறிங்கைத் திருப்பிப் பயனில்லை. அதை 401இல், மணிக்கு 100 கிலோமீற்றரில், ஐந்து பேரோடு நினைத்துப் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை.

அங்கிள் எழும்பி, தூசு தட்டி, "திறப்பைத் தாங்கோ" என்றார். வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கராஜ் 3 கிலோமீற்றர்தான், மெதுவாக ஓடிப் போகலாமே என்றோம். "இல்லை" என்ற ஒரு சொல்தான் மறுமொழி. கொழுவி இழுக்கும் வாகனத்தைக் கூப்பிட்டோம்.

அந்த வேலையை நாங்கள் செய்யவில்லை. உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவர் இரண்டு பக்கக் கீழ்க் கைகளையும் மூட்டோடு புதிதாக மாற்றி, சக்கர நேர்படுத்தலும் செய்தார். 1,140 டொலர். இம்முறை பக்கத்தில் நின்று கேள்வி கேட்டோம். கையைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ற்றுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது, வாகனம் தன் பாரத்தில் நிலத்தில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்கவேண்டும் என்று காட்டினார். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். நாங்கள் பூட்டிய ஷொக்கின் கீழ்ப் போல்ற்றைத் தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருந்தோம். அதையும் அவிழ்த்துச் சரியாக இறுக்கித் தந்தார். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொன்னார், பார்த்தோம்.

முகாமுக்கு ஒரு தகப்பனார் தன் வானைத் தந்தார். சபைக் குழுவுக்கு ஒரு பக்க அறிக்கை கொடுத்தோம். ரயர், ஸ்பிறிங், கம்பி, கீழ்க் கை எல்லாவற்றுக்கும் செலவு எழுதினோம். முதல் வரியில், 'ஷொக் இரண்டு, 340 டொலர், எங்கள் தவறு' என்று எழுதினோம். அந்த வரியை எழுதுவதா விடுவதா என்று எங்களுக்குள் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது உண்மை. கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவரும் திட்டவில்லை. வாகனத்தை வைத்திருக்கலாம் என்று முடிவானது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் பழைய வாகனம் ஓட்டுகிறீர்கள். சிலர் முதல் வாகனம் வாங்கப் போகிறீர்கள். சத்தம் கேட்டால் முதலில் சாமான் வாங்காதீர்கள். ஒரு கிழமை எழுதுங்கள். ஆனால் திரும்பும்போது 'டொக்' என்றாலோ, ஸ்ரியறிங் தளர்ந்தாலோ, வாகனம் ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு கிழமை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள். கராஜில் நீண்ட பட்டியல் தந்தால், "இதில் எதனால் வாகனம் வீதியில் விழும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு இல்லை.

பதினேழாம் வரியை எழுதிய தங்கைக்கு இப்போது கொப்பியின் பொறுப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை அங்கிள் பார்க்கிங்குக்கு வருகிறார். யார் வாகனம் என்றாலும் கொண்டுவரலாம். ஒரு பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவந்தால் நல்லது. எங்கள் பிக்கப்பை வீதிக்கு எடுக்கும்போது அவர் முன் இருக்கையில் ஏறி, காதுக் கருவிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைக் கதவில் வைப்பார். நாங்கள் றேடியோவை நிறுத்துவோம். மார்க்கம் வீதிச் சந்திவரை ஒருவரும் பேசமாட்டோம்.